மூன்றாம் வரிசையில் ஒரு பேஷ்

சங்கராபரணம்தான். இல்லை, கல்யாணி. இரண்டில் ஒன்று என்பதில் சந்தேகமில்லை, ஆனால் இரண்டில் எது என்று சந்தேகம் வருகிறதே, அதைவிடக் கேவலம் உண்டா, குஞ்சிதம்? நாற்பது வருஷமாகக் கச்சேரி கேட்கிறவள் நீ. ஒரே ஒரு சுரம்தான் வித்தியாசம், அந்த மத்யமம் வந்துவிட்டால் வாசலில் செருப்புக்குக் காவல் இருக்கிறவருக்குக்கூடத் தெரிந்துவிடும். பாடகர் கையை அகல விரிக்கிறார். கல்யாணிக்குத்தான் இப்படி விரிப்பார்கள். ஆனால் போன வாரம் ஒருவர் தோடிக்கும் இப்படித்தான் விரித்தார், கையை வைத்து ராகம் சொல்வதும் கைரேகை பார்ப்பதும் ஒன்றுதான். வயலின்காரம்மாவின் விரல்களைப் பார்க்கலாம் என்றால் முன்வரிசைக்காரரின் தலை மறைக்கிறது, என்ன தலை அது, அதற்குமேல் ஒரு குல்லாய் வேறு, டிசம்பர் மாதத்துச் சென்னையில் என்ன பனி கொட்டுகிறதோ. மடியில் பஸ் டிக்கெட், அதன் பின்பக்கம் இன்னும் வெள்ளையாக இருக்கிறது, பேனா மூடி திறந்தபடி. இடது பக்கத்தில் பத்மாசனி எழுதி முடித்து, டிக்கெட்டை நாலாய் மடித்து, உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டுவிட்டாள். பாடகர் வாயைத் திறந்து அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. முன்பெல்லாம் நான்தான் முதலில் மடிப்பேன். அவள் பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கும்போது நான் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், அந்தத் திமிருக்கு ஈடே கிடையாது. வயலின் முறை வருவதற்குள் இருவரும் ராகத்தை எழுதி டிக்கெட்டை மாற்றிக்கொள்ள வேண்டும், தப்பாக எழுதினவள் கேன்டீனில் கீரை வடை வாங்க வேண்டும், இதுதான் ஆட்டம். இந்த ஆட்டத்தில் முப்பது வருஷத்தில் நான் வடை வாங்கியது நாலைந்து தடவைதான். இந்த சீசனில் மட்டும் மூன்று தடவை. மூன்றாவது தடவை பத்மாசனி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "என்னடி, வேணும்னே தோக்கறயா?" என்றாள். "பாவம் போன்னு விட்டுக்கொடுத்தேன்டி," என்றேன் நான். பொய் எவ்வளவு சுளுவாக வருகிறது.

இன்றைக்கு மெயின் ராகம் பிடிபடாவிட்டால் இனிமேல் கச்சேரிக்கே வருவதில்லை, அடுத்த வருஷத்து சீசன் டிக்கெட் படிவத்தைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிடுவது என்று காலையில் பல் தேய்க்கும்போதே முடிவு செய்துவிட்டேன். படிவம் கைப்பையில் இருக்கிறது. இன்று ஆறு மணிக்குள் ஆபீசில் கொடுத்தால்தான் பழைய இருக்கைகளே கிடைக்கும், பதினாலு பத்மாசனிக்கு, பதினைந்து எனக்கு, மூன்றாம் வரிசை. படிவத்துக்குப் பக்கத்திலேயே ஒரு வட்ட டப்பியில் காது மெஷின். நாலு மாதத்துக்கு முன் அந்தப் பெண் டாக்டர் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்துங்க என்று சொல்லிவிட்டுப் போனாள். நானும் அழுத்தினேன், பரீட்சையில் நல்ல மார்க் வாங்குகிற பிள்ளை மாதிரி, கேட்காததற்கெல்லாம் சேர்த்து அழுத்தினேன். வெளியே வந்தால் அவள் சிரிக்கிறாள். "சத்தமே அனுப்பாதப்பகூட அழுத்துறீங்கம்மா," என்றாள். அதற்கப்புறம் ஒரு காகிதத்தைக் காட்டினாள், அதில் ஒரு கோடு வலது பக்கம் போகப் போகச் சரிந்து இறங்கியது. இடது காது ரொம்ப மோசம், வலது கொஞ்சம் தேவலை என்றாள். இடது மோசமாகாமல் என்ன செய்யும்? டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்தாறு வருஷம் அந்தக் காதில்தானே ஹெட்செட். திருநெல்வேலிக்கு டிரங்க் கால் போட்டுக் காத்திருக்கிறவர் தொண்டையைச் செருமினாலே எந்த வக்கீல், எந்தப் பஞ்சுக் கடை முதலாளி என்று சொல்வேன். என் காதை வைத்துத்தான் சோறு சாப்பிட்டேன். பத்மாசனி அடுத்த போர்டில் உட்கார்ந்திருப்பாள், லைன் போடும் இடைவெளியில் நான் ஏதாவது ஒரு கீர்த்தனையை முனகுவேன், அவள் ராகம் சொல்வாள், அப்படித்தான் ஆரம்பித்தது இந்தப் பைத்தியம். மெஷினை ஒரே ஒரு கச்சேரிக்கு மாட்டிக்கொண்டு வந்து பார்த்தேன், வேறு சபாவுக்கு, தனியாக, திருடப் போகிறவள் மாதிரி. தம்புரா மிக்ஸி ஓடுகிற மாதிரி கேட்டது. கைதட்டல் தகரக் கூரையில் மழை. குரலோ, யாரோ குழாய்க்குள் உட்கார்ந்து பாடுகிறார்கள். பின்னாடி ஒரு அம்மாள் முறுக்குப் பொட்டலம் பிரித்தது மட்டும் அற்புதமாகக் கேட்டது, ஒவ்வொரு மடிப்பும். பாதியில் எழுந்து வந்து பஸ் ஸ்டாண்டில் நின்று அழுதேன். பொது இடத்தில் அழுகிற வயசா எனக்கு, அறுபத்தேழு.

எழுது குஞ்சிதம், ஏதாவது எழுது. பத்மாசனி தலையை ஆட்டுகிறாள், ஆஹா என்பதுபோல் உதடு போகிறது, அவள் என்ன கேட்டு ஆடுகிறாள் என்பதுதான் எனக்கு வர மாட்டேனென்கிறது. குரல் வரத்தான் வருகிறது, அடுத்த தெருவில் யாரோ பாடுகிற மாதிரி, மேலே போனால் காணாமல் போய்க் கீழே வந்தால் திரும்பக் கிடைக்கிறது. நடுவில் உள்ளதை நானே போட்டு நிரப்பிக்கொள்கிறேன். நான் நிரப்புவது அவர் பாடுவதா, அல்லது நான் முன்னே கேட்ட யாரோ பாடியதா? இதுதான் என் பிராணனை வாங்குகிறது. பசி இல்லை, தூக்கம் இல்லை, இந்த ஒரு கேள்விதான் ராத்திரி பகலாக. ஒருவேளை ஒரு வருஷமாகவே நான் கச்சேரிக்கே வரவில்லையோ, உட்கார்ந்து ஞாபகத்தைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறேனோ? எக்ஸ்சேஞ்சில் சில சமயம் லைன் கட்டாகிவிடும், அது தெரியாமல் அந்தப் பக்கத்து மனிதர் பேசிக்கொண்டே இருப்பார், ஹலோ ஹலோ என்று, பாவமாக இருக்கும். நான்தான் லைனுக்குள் போய், சார், கட்டாயிடுச்சு என்று சொல்லுவேன். எனக்கு யார் சொல்வார்கள்? பத்மாசனியிடம் சொல்லலாம். சொன்னால் அவள் ஐயோ என்பாள், அப்புறம் மெதுவாக, வாயைப் பெரிதாகத் திறந்து, கிழவிகளோடு பேசுகிற மாதிரி என்னோடு பேசத் தொடங்குவாள். ராகத்தை அவளே சொல்லிவிடுவாள். ஆட்டம் முடிந்துவிடும். ஆட்டம் முடிந்தால் எங்களுக்குள் வேறென்ன இருக்கிறது? அவள் வைதீகமான வீட்டுக்காரி, நான் மாயவரத்து மேளக்காரர் வீட்டில் பிறந்தவள், அவள் பிள்ளை வீட்டுக் கதையை அவள் சொல்ல மாட்டாள், நான் தனிக்கட்டையான கதையை நான் சொல்ல மாட்டேன். எங்கள் பேச்செல்லாம் ராகம்தான். கல்யாணி என்று எழுதினேன். எழுதி மடித்துக் கண்ணை மூடிக்கொண்டேன், கண்ணை மூடினால் லயித்துப்போயிருக்கிறாள் என்று நினைப்பார்கள், அதுவும் ஒரு சௌகரியம்.

மூடின கண்ணுக்குள் குரல் இறங்கி இறங்கி வந்தது. கீழ் ஸ்தாயிக்குப் போகிறார், நல்லது, அங்கே எனக்குக் கொஞ்சம் கிடைக்கும். வந்தது, வந்தது, சட்டென்று நின்றது. என்ன மாதிரியான நிறுத்தம்! ஒரு பிசிறு இல்லை, ஒரு இழுவை இல்லை, கத்தியால் நறுக்கினமாதிரி. வயலினும் கூடவே நிறுத்திவிட்டது, அந்த அம்மாளுக்கு என்ன ஞானம். சபை முழுக்க மூச்சுவிடவில்லை. இந்த அளவு தைரியமாக மௌனத்தை விடுகிறவர்கள் இப்போது யார் இருக்கிறார்கள்? அது நீண்டது. இன்னும் நீண்டது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. சபையில் வாய்விட்டுப் பேஷ் சொல்வது எங்கள் அப்பாவிடமிருந்து வந்த வழக்கம், பெண்பிள்ளை சொல்லலாமா என்று அந்தக் காலத்திலேயே முணுமுணுத்தார்கள், கேன்டீனில்கூட எனக்கு 'பேஷ் அம்மா' என்றுதான் பெயர். அடிவயிற்றிலிருந்து சொன்னேன்: "பேஷ்!"

யாரோ என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார்கள். கண்ணைத் திறந்தேன். குல்லாய்க்காரர் திரும்பி உதட்டின்மேல் விரலை வைத்து முறைக்கிறார். முன் இரண்டு வரிசையும் திரும்பிப் பார்க்கிறது. ஒரு அம்மாள் சிரிக்கிறாள். மேடையில் பாடகரின் வாய் திறந்திருக்கிறது, தொண்டை அசைகிறது, கை விரிகிறது. பாடிக்கொண்டுதான் இருக்கிறார்! வில் போய்க்கொண்டுதான் இருக்கிறது. எல்லாரும் நாற்காலி நுனியில், கழுத்தை நீட்டி, காதை முன்னே கொடுத்து உட்கார்ந்திருக்கிறார்கள். மைக்செட்காரர் ஒயரைப் பிடித்துக்கொண்டு ஓரமாக ஓடுகிறார். மைக் போய்விட்டது. அவ்வளவுதான். மைக் போனதும் மனுஷன் நிறுத்தாமல் வெறும் தொண்டையில் பாடுகிறார், அறுநூறு பேர் அடங்கி அதைக் கேட்கிறார்கள், மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிற எனக்கு மட்டும் அது மௌனம். வலது காதை மேடைப் பக்கம் திருப்பினேன், ஒன்றுமில்லை, ஃபேன் சத்தமா என் ரத்தச் சத்தமா தெரியாத ஒரு இரைச்சல். இது ஒன்றும் நெருப்பில்லை, யாரும் சாகவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். இரண்டு நிமிஷத்தில் மைக் வந்தது, எல்லாரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன், இந்தத் தடவை எல்லார் கையையும் பார்த்துவிட்டுத் தட்டினேன். பத்மாசனி தட்டவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் கேலி இருந்திருந்தால் பதிலுக்கு ஒரு கேலி வைத்திருப்பேன். அவள் கையை நீட்டினாள். டிக்கெட்டைக் கொடுத்தேன், அவளுடையதை வாங்கிப் பிரித்தேன். குண்டு குண்டான எழுத்தில் சங்கராபரணம். என்னுடையதை அவள் பிரித்து, படித்து, மறுபடி படித்து, மடித்து, முந்தானையில் முடிந்துகொண்டாள். ஏன் முடிந்துகொள்கிறாள், சாட்சியா?

பாட்டு ஆரம்பித்துவிட்டது. ஆகட்டும், முடிந்தது, தீர்மானம் தீர்மானம்தான். படிவத்தை இப்போதே கிழித்தால் சத்தம் கேட்கும், எனக்குக் கேட்காத சத்தம் மற்றவர்களுக்குக் கேட்கும், வெளியே போய்க் கிழித்துக்கொள்ளலாம். டிசம்பர் சாயங்காலங்களில் இனி என்ன செய்வது? டி.வி.யில் கீழே எழுத்து ஓடுகிற சீரியல் பார்க்கலாம். கொஞ்சம் கொஞ்சமாக நினைத்துப்பார்த்தால் பத்மாசனிக்கு எப்போதோ தெரிந்திருக்க வேண்டும், இரண்டு வருஷமாக என் இடது காதில் அவள் குசுகுசுத்ததற்கெல்லாம் நான் ஆமாம் ஆமாம் என்றுதானே தலையாட்டியிருக்கிறேன், அதில் இல்லை என்று சொல்ல வேண்டியது எத்தனை இருந்ததோ. அவள் மருமகளைப் பற்றி ஏதாவது சொன்னாளா, உடம்புக்கு ஏதாவது என்றாளா, அதற்கும் ஆமாம் என்று சிரித்தேனா? கை தன்பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறது, தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல், அது என்னைக் கேட்டுக்கொண்டு செய்வதில்லை. முதல் தட்டில் தொடங்காமல் அரை எண்ணிக்கை தள்ளித் தொடங்குகிற பாட்டு. பத்மாசனி இந்த மாதிரிப் பாட்டென்றால் அவ்வளவுதான், நடு ரோட்டில் ஆட்டோ திரும்புகிற மாதிரி எங்கே வேண்டுமானாலும் திரும்புவாள், ராகத்தில் புலி, தாளத்தில் எலி என்று எக்ஸ்சேஞ்ச் நாளிலிருந்து கேலி செய்வேன். சுரம் முடிந்தது. பாடகர் மிருதங்கக்காரரைப் பார்த்துக் கையைக் காட்டிவிட்டு ஃபிளாஸ்க்கைத் திறந்தார். தனி ஆவர்த்தனம், இனி கொஞ்ச நேரம் மிருதங்கம் மட்டும்தான். உடனே சபை எழுந்தது. வருஷா வருஷம் நடப்பதுதான், மிருதங்கக்காரர் முதல் சொல்லை வாசிக்கிறார், பட்டுப்புடவைகள் கேன்டீனை நோக்கிப் புறப்படுகின்றன. யோக்கியம் பேசுவானேன், முப்பது வருஷமாக அதில் முதல் ஆள் நாங்கள்தான், வடை தீர்ந்துவிடும் என்று அவள் என் கையைப் பிடித்து இழுக்க இழுக்க ஓடியிருக்கிறேன். மேளக்காரர் வீட்டுப் பெண் ஒரு தனியைக்கூட முழுசாக உட்கார்ந்து கேட்டதில்லை. பத்மாசனி எழுந்தாள். வாடி என்பாள் என்று பார்த்தேன். என் முழங்காலைத் தாண்டி, திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டாள்.

போகட்டும். போகாமல் என்ன செய்வாள்? மூன்றாம் வரிசையில் நான் ஒருத்திதான், குல்லாய்க்காரர்கூடப் போய்விட்டார். எழுந்து போனால் எல்லாரும் பேஷைப் பற்றிக் கேட்பார்கள், அதனால்தான் உட்கார்ந்தேன், ரசனையால் ஒன்றுமில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைக் கீழே வைத்தேன். வைத்ததும் உள்ளங்காலில் ஏதோ ஏறியது. மறுபடி. இந்தப் பழைய சபாவில் தரை பலகைத் தரை, மிருதங்கத்தின் இடது பக்கம் பேசப்பேச அது பலகை வழியாக என் காலுக்கு வருகிறது. வலது பக்கத்துச் சின்னச் சொற்கள் பாதி விழவில்லை, பரவாயில்லை, இடது பக்கம் எங்கே விழுகிறதோ அதை வைத்து மீதி தெரிகிறது. இது நான் நிரப்புவதா? இல்லை. இதில் நிரப்ப முடியாது. தப்பாக நிரப்பினால் அடுத்த தட்டில் கை தடுமாறிவிடும், கை தடுமாறவில்லை. தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல். அப்பா நாயனத்தைத் துடைத்துக்கொண்டே தவிலுக்குத் தாளம் போடுவார், அவர் மடியில் படுத்துக்கொண்டு அவர் தொடை அதிர்வதைத்தான் நான் முதலில் கேட்டது, காதால் அல்ல, கன்னத்தால். மிருதங்கக்காரர் நடையை மாற்றினார். காலி நாற்காலிகளை ஒரு தடவை சுற்றிப் பார்த்தார், அவருக்கும் பழகினதுதான், ஆனாலும் ஒரு மனுஷனுக்கு எவ்வளவு எரியும். அப்புறம் அவர் கண் என் கையில் வந்து நின்றது. அங்கேயே நின்றது. ஐயோ, என்னை நம்பாதீங்க சார், நான் லைன் கட்டானவள் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. அவர் குறும்பாகத் தாளத்துக்குக் குறுக்கே போனார், ஐந்தைந்தாக, ஏழேழாக, விழுகிற இடத்திலெல்லாம் விழாமல், விழக்கூடாத இடத்தில் விழுந்து, என்னை இழுத்துப்பார்க்கிறார். கை மட்டும் போய்க்கொண்டிருக்கிறது. முடிக்கப்போகிறார். மூன்று தடவை ஒரே சொற்கட்டு, முதல் தடவை, இரண்டாம் தடவை, நான் மூச்சை விடவில்லை, மூன்றாவது நேரே அந்த அரை எண்ணிக்கையை நோக்கி ஓடுகிறது, தட்டினேன், அரை விட்டேன், அங்கே வந்து விழுந்தார், அங்கேயே பாடகரின் வாயும் திறந்தது. சரியாக அங்கே. மிருதங்கக்காரர் என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கேட்டது. எனக்குக் கேட்டது. யாருடைய ஞாபகமும் இல்லை, இது இன்றைக்கு, ஐந்தே முக்கால் மணிக்கு, இவர் வாசித்தது.

"நகரு." பத்மாசனி வலது பக்கம் வந்து நிற்கிறாள், கையில் எண்ணெய் ஊறின காகிதப் பொட்டலம். "அது உன் சீட்டுடி, இந்தப் பக்கம்," என்றேன், பதினாலைக் காட்டி. "நகருடிங்கறேன், நீ அங்க போ." நகர்ந்தேன். பதினைந்தில் உட்கார்ந்தாள், முப்பது வருஷத்தில் முதல் தடவையாக என் வலது பக்கம். பொட்டலத்தை என் மடியில் வைத்தாள். "தோத்தவ நீ, வாங்கினவ நான். நன்னா இருக்கு நியாயம்." பிறகு என் முகத்தைப் பார்க்காமல், மேடையைப் பார்த்துக்கொண்டே, "எத்தனை நாளா?" என்று கேட்டாள். "ரெண்டு வருஷமா." "ஏண்டி எங்கிட்ட சொல்லலை?" "நீ கிழவிகிட்ட பேசற மாதிரி பேசுவே." "நீ கிழவிதானே!" என்றாள், குரல் கரகரத்தது, அது எனக்கு நன்றாகவே கேட்டது. கோபமாகத்தான் இருந்தாள், மூக்கு சிவந்திருந்தது. "நான் கதவாண்டதான் நின்னுண்டிருந்தேன், அந்த மனுஷன் உன் கையைப் பார்த்து வாசிக்கறதைப் பார்த்தேன். அவரை விடு. எனக்கு எந்தக் காலத்துலடி தாளம் நின்னிருக்கு? முப்பது வருஷமா உன் கையைப் பார்த்துன்னா நான் போட்டுண்டிருக்கேன். நீ வீட்டுல உக்காந்துண்டா நான் யார் கையைப் பார்க்கறது?" வீட்டில் உட்காருவதைப் பற்றி நான் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கைப்பையிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்த படிவத்தைப் பார்த்திருக்கிறாள், கழுகுக் கண். மேடையில் அடுத்த பாட்டுக்கு ராகம் எடுத்தார்கள். அவள் குனிந்தாள், கீரை வடை வாசனையோடு மூச்சு என் காதில் பட்டது, "பெஹாக்," என்றாள். பெஹாக். அந்தப் பெயர் விழுந்ததும், அடுத்த தெருவில் போய்க்கொண்டிருந்த குரல் கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பின மாதிரி இருந்தது, முழுசாக இல்லை, கொஞ்சம். இன்னும் பயம் போகவில்லை. வலது காதும் ஒரு நாள் போகும், அந்தக் கோடு சரிந்துகொண்டேதான் இருக்கும். படிவத்தை எடுத்து மடியில் வைத்து, வடை எண்ணெய் படாமல், குஞ்சிதம் என்று எழுதி எதிரில் பதினாலு போட்டேன், பத்மாசனி என்று எழுதிப் பதினைந்து போட்டேன். ஆறு மணிக்கு இன்னும் எட்டு நிமிஷம் இருந்தது, இந்த ஒன்றைக் கேட்டுவிட்டு ஓடிப்போய்க் கொடுத்துவிடலாம். பாட்டு தொடங்கியது, நான் தொடையில் தட்டினேன், பக்கத்தில் அவள் கை என் கையைப் பார்த்து, அரை எண்ணிக்கை பிந்தி, தட்டியது.